1,298-ஆவது இரவு

ஒருவர் ஒரு காரியத்தைத் தொடர்ந்து 1,297 முறை செய்து முடித்திருக்கிறார். நடுவில் ஒரு முறைகூடத் தவறவில்லை. அடுத்த முறையும் செய்வாரா?

கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நிச்சயம் என்று சொல்ல முடியாது" என்பார். சந்தைக்காரரிடம் கேட்டால், "என்ன விலை போடுகிறாய்?" என்று திருப்பிக் கேட்பார். வாத்தியாரின் பதில் பழுதில்லாதது, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சந்தைக்காரரின் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த ஒருவர் லெப்ரான் ஜேம்ஸ். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏவில் ஆடுபவர். 2007 ஜனவரி 6 முதல் 2025 டிசம்பர் 1 வரை, அவர் களமிறங்கிய ஒவ்வொரு லீக் ஆட்டத்திலும் குறைந்தது 10 புள்ளிகள் எடுத்தார். இதற்கு முந்தைய சாதனை மைக்கேல் ஜோர்டனுடையது, 866 ஆட்டங்கள். அதையும் தாண்டி 400-க்கு மேல் போய்விட்டார். வரிசை தொடங்கியபோது வயது 22. டிசம்பர் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியோடு டொரான்டோவில் இறங்கியபோது, 41 முடிய இன்னும் 26 நாள்... இல்லை, தொடங்க 26 நாள். நாற்பதைத் தாண்டினால் எண்ணிக்கையில் எல்லோரும் இப்படித் தடுமாறுகிறோம்.

அன்றிரவு அவர் 10 புள்ளி எடுப்பார் என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு?

சூரியனை எண்ணியவர்

இதே கேள்வியைச் சூரியனை வைத்துக் கேட்டவர் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ். 1814-இல் வெளிவந்த நிகழ்தகவு பற்றிய கட்டுரை நூலில் அந்தக் கணக்கு வருகிறது. மனித வரலாறு ஐயாயிரம் ஆண்டு, அதாவது 18 லட்சத்துச் சொச்சம் நாள். அத்தனை நாளும் சூரியன் உதித்திருக்கிறது. நாளைக்கு?

அவருடைய விதி எளிது. நடந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு, மொத்த வாய்ப்புகளோடு இரண்டைக் கூட்டு, முதலாவதை இரண்டாவதால் வகு. லெப்ரானுக்குப் போட்டுப் பார்த்தால் 1,299-இல் 1,298. நூற்றுக்கு 99.92. சறுக்குவதற்கான வாய்ப்பு 1,299-இல் ஒன்று.

விதி தப்பில்லை. ஆனால் அதை எங்கே பொருத்துவது என்பதில் லாப்லாஸுக்கே தயக்கம் இருந்தது. சூரியன் ஏன் உதிக்கிறது என்று தெரிந்தவர் இப்படி எண்ணிக்கையை மட்டும் நம்பிக்கொண்டிருக்க மாட்டார் என்று அங்கேயே குறிப்பிடுகிறார். காரணம் தெரிந்தவருக்கு எண்ணிக்கை பாதிக் கதைதான்.

சூரியனுக்கு இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் சயாட்டிகா வலி வருவதில்லை. லெப்ரானுக்கு வந்தது. அந்தப் பருவத்தின் முதல் 14 ஆட்டங்களை அதனால் தவறவிட்டார். திரும்பி வந்து ஆடியவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே. டிசம்பர் 1 அன்று பீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு எதிராக எடுத்தது சரியாக 10. வரிசை மயிரிழையில் தப்பியது.

இப்போது எந்தக் குவியலை எண்ணுவது? 22 வயது இளைஞன் துள்ளிய ஆட்டங்களையும் சேர்த்த 1,297-ஐயா? வலி கண்ட பிறகு ஆடிய அந்தச் சில ஆட்டங்களையா? முதலாவது பெரிய குவியல், ஆனால் பழையது. இரண்டாவது புதியது, ஆனால் கையளவு. புள்ளியியலில் இந்த இக்கட்டுக்குக் கச்சிதமான விடை இன்றுவரை இல்லை. ஒவ்வொருவரும் தம் அனுபவத்தை வைத்து நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார்கள். நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் சந்தை பிறக்கிறது.

நூறு சென்ட் சீட்டு

ஒரு சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "இன்று லெப்ரான் 10 புள்ளியோ அதற்கு மேலோ எடுப்பார்" என்று அதில் எழுதியிருக்கிறது. எடுத்தால், சீட்டை வைத்திருப்பவருக்கு 100 சென்ட், அதாவது ஒரு டாலர். எடுக்காவிட்டால் பூஜ்யம். ஒன்பது புள்ளி எடுத்தாலும் ஆறுதல் பரிசு கிடையாது.

இந்தச் சீட்டை என்ன விலைக்கு வாங்குவீர்கள்? பத்துக்கு ஒன்பது வாய்ப்பு இருக்கிறது என்று நம்புகிறவருக்கு 88 சென்ட் மலிவு, 93 சென்ட் நட்டம். ஆக, அவர் எந்த விலையில் வாங்கத் தயங்குகிறாரோ அந்த விலையே அவர் மனதில் இருக்கும் நிகழ்தகவு. வாயால் சொல்ல வைப்பதைவிடக் கைக்காசைப் போட வைப்பது உண்மையை வேகமாகக் கறந்துவிடும்.

ஒருவர் "எடுப்பார்" என்று 93 சென்ட் வைக்கிறார். இன்னொருவர் "எடுக்கமாட்டார்" என்று 7 சென்ட் வைக்கிறார். இரண்டும் சேர்ந்தால் நூறு. சந்தை அந்த நூறைப் பூட்டி வைத்து, ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் கையில் கொடுக்கிறது. தனக்கு ஒரு சிறு தரகு எடுத்துக்கொள்கிறது. இதுதான் முன்கணிப்புச் சந்தை. நடக்கப்போகும் ஒன்றின் வாய்ப்பு இங்கே விலையாக மாறித் தொங்குகிறது.

பழைய பந்தயக் கடையின் முறை வேறு. அங்கே கடைக்காரரே ஒரு கோடு போடுவார்: "லெப்ரான் 14.5 புள்ளி. மேலா, கீழா?" அரைப் புள்ளி எதற்கென்றால், யாராலும் அரைப் புள்ளி எடுக்க முடியாது, அதனால் சமன் என்ற வம்பே வராது. நூறு டாலர் லாபம் வேண்டுமென்றால் பெரும்பாலும் நூற்றுப் பத்து டாலர் வைக்க வேண்டும். அந்த வித்தியாசத்தில்தான் கடை ஓடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ஒரு பழைய மத்தியச் சட்டத்தை ரத்து செய்த பிறகு, இப்படிப்பட்ட கடைகள் மாநிலம் மாநிலமாகத் திறந்தன. விளையாட்டுக்கான சீட்டுச் சந்தைகள் அங்கே பின்னால் வந்தவை. கால்ஷி என்ற நிறுவனம் 2020-இல் அமெரிக்க முன்பேர வணிக ஆணையத்தின் அனுமதி பெற்று, 2025-இல் விளையாட்டுச் சீட்டுகளுக்குள் நுழைந்தது. இது சூதாட்டமா, கோதுமை முன்பேரம் போன்ற வணிகமா என்று பல மாநிலங்கள் அதனோடு நீதிமன்றத்தில் மல்லுக்கட்டுகின்றன. (இதைப் படித்துவிட்டு யாரும் கைபேசியைத் தேட வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நமக்கு வேண்டியது கணக்கு மட்டும்தான்.)

விலைக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று கேட்டால், பொருளியலாளர் ஹயெக் 1945-இல் எழுதிய ஒரு கட்டுரையைக் காட்டுவார்கள். அறிவு ஒரே மண்டையில் இருப்பதில்லை, ஊரெல்லாம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, விலைதான் அதைத் திரட்டுகிறது என்பது அவர் வாதம். லெப்ரான் நொண்டுவதைப் பயிற்சியில் பார்த்தவர், டொரான்டோவின் தடுப்பாட்டத்தைப் பருவம் முழுக்கப் பார்த்தவர், எதையுமே பார்க்காமல் எண்களை மட்டும் அரைத்தவர் என மூவரும் வாங்கி விற்கும்போது, மூன்று அறிவும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன.

கலப்பில் கசடும் உண்டு. மலிவான சீட்டு என்றால் மனிதர்களுக்கு ஒரு சபலம். 3 சென்ட் போட்டால் 100 சென்ட் என்றதும் கை நீளும். அதனால் நடக்க வாய்ப்பு குறைந்த பக்கத்தின் விலை, இருக்க வேண்டியதைவிடச் சற்றே வீங்கி நிற்கும். அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949-லேயே இதைக் காட்டிவிட்டார். குதிரை மாறிப் பந்து வந்தாலும் சபலம் அதேதான்.

பதினேழு நாணயங்கள்

நமது சீட்டுக்கு நாமே ஒரு விலை போடலாம். ஒரு கைப்பிடி நாணயங்கள் போதும்.

கூடையில் சாதாரணமாக விழும் பந்துக்கு 2 புள்ளி. தூரத்து வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் 3. எதிராளி தவறு செய்தால் கிடைக்கும் தனி எறி ஒவ்வொன்றுக்கும் 1. மூன்று புள்ளி எறி சற்றுக் குறைவாகத்தான் விழும், விழுந்தால் அதிகம் தரும். முதல் கணக்கில் அதையும் தனி எறியையும் ஒதுக்கிவைப்போம். எல்லா எறியும் 2 புள்ளி, எறிந்ததில் பாதி விழும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வோர் எறியும் ஒரு நாணயச் சுண்டல். தலை விழுந்தால் கூடை. பத்துப் புள்ளிக்கு ஐந்து தலை வேண்டும். நான்கோ அதற்குக் கீழோ விழுந்தால் வரிசை அறுந்தது.

இருபது நாணயத்தைச் சுண்டினால் நான்கு தலைக்கு மேல் விழாமல் போவது எத்தனை தடவை நடக்கும்? ஏறக்குறைய 170 தடவைக்கு ஒன்று. பதினேழு நாணயம் என்றால்? நாற்பது தடவைக்கு ஒன்று. பத்தே நாணயம் என்றால்? நூற்றுக்கு 38 தடவை.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்றிலும் ஆட்டக்காரரின் திறமை ஒன்றேதான். எப்போதும் பாதி விழுகிறது. மாறியது எத்தனை முறை எறிகிறார் என்பது மட்டும். இருபதிலிருந்து பத்தாகக் குறைந்ததும் ஆபத்து அறுபது மடங்குக்கு மேல் எகிறிவிட்டது. தனிநபர் சீட்டுகளில் கைதேர்ந்தவர்கள் "அவர் நன்றாக ஆடுவாரா?" என்ற கேள்வியோடு தொடங்குவதில்லை. "எத்தனை நிமிடம் களத்தில் இருப்பார், பந்து எத்தனை முறை அவர் கைக்கு வரும்?" என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஆட்டம் 48 நிமிடம். நாற்பது வயதுக்காரருக்குப் பயிற்சியாளர் அதில் எத்தனை கொடுப்பார் என்பதில்தான் பாதி விலை இருக்கிறது.

ஆட்டத்துக்கு முன்பே இந்தக் கேள்விக்கு ஒரு புதுத் துப்பு இருந்தது. யார் ஆடுவார், யார் ஐயம், யார் இல்லை என்று என்பிஏ அணிகள் முன்கூட்டியே பட்டியல் கொடுக்க வேண்டும். சந்தை அதற்காகவே கண்கொட்டாமல் காத்திருக்கும். லேக்கர்ஸின் முதன்மை ஆட்டக்காரர் லூக்கா டான்சிச் டொரான்டோ ஆட்டத்தில் இல்லை. எறிகளில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்பவர் இல்லையென்றால், அந்த எறிகள் மற்றவர்களுக்குப் பிரியும். லெப்ரானுக்கு நாணயங்கள் கூடும். நான் விலை போட்டிருந்தாலும் அந்தச் செய்திக்குப் பிறகு இரண்டு சென்ட் ஏற்றியிருப்பேன்.

நாணயம் கூடத்தான் செய்தது. லெப்ரான் அன்று 17 முறை எறிந்தார். விழுந்தவை 4. மொத்தம் 8 புள்ளி.

ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரிசை அறுந்தது. டான்சிச் விட்டுச்சென்ற எறிகளில் பொன் விளைந்தது ஆஸ்டின் ரீவ்ஸ் கையில்: 44 புள்ளி.

இங்கே நம் நாணயக் கணக்கு எங்கே பொய்க்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். ஒவ்வோர் இரவும் இருபது நாணயம் சுண்டியிருந்தால், 170-க்கு ஒன்று என்ற வீதத்தில், 1,297 இரவுகளில் ஏழெட்டு முறையாவது சறுக்கியிருப்பார். ஒரு முறைகூடச் சறுக்கவில்லை. தனி எறிகளும் மூன்று புள்ளிகளும் ஒதுக்கப்பட்டது ஒரு காரணம். இன்னொன்று, நாணயத்துக்குத் தன் எண்ணிக்கை தெரியாது, மனிதருக்குத் தெரியும். எட்டுப் புள்ளியில் நிற்கும் ஒருவர், இன்னும் ஒரு கூடை வேண்டும் என்று தெரிந்தே அடுத்த பந்தை எடுக்கிறார். இந்த 'தெரிந்தே'யை மறந்துவிடாதீர்கள். திரும்ப வரும்.

எடைக்கல்லுக்கு முத்திரை

93 சென்ட் சீட்டு பூஜ்யமாகிவிட்டால் சந்தை தோற்றது என்று அர்த்தமா?

அப்படிச் சொல்பவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. 93 என்று சொன்னாலே, நூற்றில் ஏழு முறை நடக்காது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அந்த ஏழும் வராமலே போனால்தான் சந்தை தப்பு. ஓர் இரவை வைத்து ஒரு விலையைச் சோதிக்க முடியாது. கடைக்காரரின் எடைக்கல்லை ஒரே ஒரு கத்திரிக்காயை வைத்துச் சோதிக்கிற மாதிரி அது.

சோதிக்கும் முறை வேறு. ஒரு பருவம் முழுக்க 70 சென்ட்டுக்கு விற்ற சீட்டுகளையெல்லாம் ஒரு கூடையில் போடு. அதில் எழுபது சதவீதம் பலித்திருக்கிறதா என்று பார். 20 சென்ட் சீட்டுகளை இன்னொரு கூடையில் போட்டு அதேபோல் பார். ஒவ்வொரு கூடையும் தன் விலைக்கு ஏற்பப் பலித்திருந்தால், எடைக்கல்லுக்கு முத்திரை குத்தலாம். அளவுத்திருத்தம் என்று இதற்குப் பெயர். இதை எண்ணாக்கும் வழியை முதலில் சொன்னவர் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர், 1950-இல். மழை வரும் என்று 90 சதவீதம் அடித்துச் சொல்லிவிட்டு வராமல் போனால் பெரிய அபராதம், 60 சதவீதம் என்று அடக்கிச் சொன்னால் சின்ன அபராதம், கடைசியில் சராசரி. தினமும் வாக்குக் கொடுத்து தினமும் அடிவாங்கும் வானிலைக்காரர்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

பெரிய ஆட்டத்தில் எந்த அணி ஜெயிக்கும் என்ற சீட்டைப் பல்லாயிரம் கண்கள் பார்க்கின்றன, விலை சீக்கிரம் சரியாகிவிடும். எட்டாவது ஆளாக இறங்கும் ஒருவர் எத்தனை முறை பந்தை வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிவார் என்ற சீட்டைப் பார்ப்பவர் சிலரே. அங்கே விலை, ஆளில்லாத சந்தில் எரியும் தெருவிளக்கு மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட சந்தில்தான் வேறு சிலரும் வருவார்கள்.

அக்குளில் வெங்காயம்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட, அக்குளில் வெங்காயத்தை வைத்துக் காய்ச்சலை வரவழைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. பலிக்குமா என்பது வேறு விஷயம். நோயாளிக்கு வெப்பமானியை ஏமாற்றுவதில் ஆதாயம் வந்துவிட்டால், வெப்பமானி காட்டும் எண்ணுக்கு என்ன மதிப்பு என்பதுதான் நமக்கு வேண்டியது.

சீட்டின் விலையும் அப்படியொரு வெப்பமானிதான். ஐயோவா பல்கலைக்கழகம் 1988-லிருந்து தேர்தல் சீட்டுச் சந்தை ஒன்றை நடத்தி வருகிறது. அங்கே எந்தத் தனி வாக்காளரும் முடிவைத் தன் கையில் வைத்திருக்கவில்லை. கோடிப் பேரில் ஒருவர். ஆனால் "இவர் இன்று இத்தனை புள்ளிக்குக் கீழ்" என்ற சீட்டின் முடிவு ஒரே ஒரு மனிதரின் கையில், ஒரே ஒரு மனதில் இருக்கிறது. அதிலும் ஒரு சாய்வு உண்டு. முப்பது புள்ளி எடுத்துக்காட்டுகிறேன் என்று உலகில் யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மூன்று புள்ளிக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று யார் வேண்டுமானாலும் தரலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

ஜான்டே போர்ட்டர் அதைத்தான் செய்தார். டொரான்டோ ராப்டர்ஸ் அணியில், முதன்மை அணிக்கும் துணை அணிக்கும் இடையே போய்வரும் சிறு ஒப்பந்தக்காரர். 2024 ஜனவரி 26 அன்று, கண்ணில் காயம் என்று நான்கு நிமிடத்தில் வெளியேறினார். மார்ச் 20 அன்று, உடம்பு சரியில்லை என்று மூன்று நிமிடத்தில். அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் எல்லாவற்றிலும் கோட்டுக்குக் கீழேயே நிற்பார் என்று, விஷயம் தெரிந்த ஒருவர் 80,000 டாலர் வைத்திருந்தார். ஜெயித்தால் 11 லட்சம் டாலர். யாருமே கண்டுகொள்ளாத ஆட்டக்காரர் மீது இவ்வளவு பணமா என்று பந்தய நிறுவனத்துக்கே உறுத்த, அது பணத்தை நிறுத்தி வைத்தது. ஏப்ரல் 17 அன்று என்பிஏ அவருக்கு ஆயுள் தடை விதித்தது. ஜூலையில் அவர் புரூக்ளின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடன் கழுத்தை நெரித்ததுதான் காரணம் என்றது வழக்கு.

அடுத்த பருவத்திலிருந்து, இத்தகைய சிறு ஒப்பந்தக்காரர்கள் மீது 'கீழே' என்ற பக்கத்தையே பந்தய நிறுவனங்கள் விற்பதில்லை என்று ஏற்பாடானது. யாருக்குச் சம்பளம் குறைவோ, யாருடைய எண்ணைப் புரட்டுவது எளிதோ, அந்தச் சந்தின் கதவை மட்டும் சாத்தினார்கள். இது கெட்டிக்காரத்தனமான திருத்தம் என்பேன். முழு மருந்து என்று சொல்ல மாட்டேன்.

ஹயெக்கின் வாதத்தில் ஓர் ஓட்டை இங்கே தெரிகிறது. அந்த 80,000 டாலரும் உண்மையான தகவலைத்தான் சுமந்து வந்தது. போர்ட்டர் குறைவாகத்தான் எடுக்கப்போகிறார் என்பது சத்தியம். விலை அதைத் திரட்டியிருந்தால் மிகத் துல்லியமாக இருந்திருக்கும். அந்தத் துல்லியத்தில் விளையாட்டு செத்துப்போயிருக்கும்.

கடைசி எறி

லெப்ரானின் ஆட்டத்தை நான் பாதியில் விட்டுவிட்டேன். 4 கூடை, 8 புள்ளி என்று சொன்னேன். அந்த எட்டு எப்போது எட்டாகவே நின்றுபோனது என்று சொல்லவில்லை.

ஆட்டத்தின் கடைசி நொடிகள். டொரான்டோ 120, லேக்கர்ஸ் 120. பந்து லெப்ரான் கையில். அவருக்கு இன்னும் ஒரே ஒரு கூடை வேண்டும். விழுந்தால் அணிக்கு வெற்றி, அவருக்குப் பத்து, வரிசைக்கு 1,298. அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். நம் கற்பனைச் சீட்டு அந்த நொடியில் என்ன விலைக்குப் போயிருக்கும்? அவர் தானே எறிவார் என்ற நம்பிக்கையும், எறிந்தால் விழும் என்ற நம்பிக்கையும் சேர்ந்த விலை அது. முதல் நம்பிக்கைக்கு 1,297 இரவுகளின் பலம் இருக்கிறது. என்னைக் கேட்டால் நாற்பது சென்ட்டாவது கொடுத்திருப்பேன்.

தடுப்பாட்டக்காரர்கள் அவரை நோக்கி நெருங்கினார்கள். மூலையில் ருய் ஹச்சிமுரா தனியாக நின்றார். லெப்ரான் பந்தை அவருக்குத் தட்டிவிட்டார். அவர் எறிந்த பந்து வளைகோட்டுக்கு வெளியிலிருந்து கிளம்பியது, சங்கு ஊதியது, வலையில் விழுந்தது. 123-120. 'லேக்கர்ஸ் ஜெயிக்கும்' என்ற சீட்டு நூறானது. லெப்ரான் சீட்டு பூஜ்யமானது. இரண்டும் அந்த ஒரே எறியில்.